முன்வரிசை டப்பா

தங்கச்சி வீட்டைக் காலி செய்துகொண்டு போன அன்று ஒரு சாப்பாட்டு டப்பாகூட வாங்கிக்கொள்ளவில்லை. அக்காவுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது. வேனில் சாமான்கள் ஏறிக்கொண்டிருந்தபோது அவள் நாலு டப்பாக்களைச் செய்தித்தாளில் சுற்றித் துணிப்பையில் போட்டு, மூன்றாவது மாடியிலிருந்து மூச்சு வாங்க இறங்கி வந்தாள்.

"போய் இறங்கினதும் அடுப்பைத் தேடிக்கிட்டு நிக்க வேணாம். சுட வச்சா போதும்," என்றாள்.

"வேணாம்க்கா. வழியில ஏதாவது வாங்கிக்கறோம்."

வழியில் வாங்கிச் சாப்பிடுகிற சாதி இல்லை அக்கா தங்கச்சி இரண்டு பேரும். பஸ்ஸில் ஆறு மணி நேரம் போனாலும் அவித்த முட்டையும் ரொட்டியும் மடியில் வைத்துக்கொண்டு போகிறவர்கள். அப்படிப்பட்டவள் வாங்கிக்கொள்கிறோம் என்றால் அதற்குள் வேறு ஏதோ இருக்கிறது. அக்கா கேட்க நினைத்தாள். அதற்குள் வேன்காரர் கதவைச் சாத்திவிட்டார், தங்கச்சி மகள் ஜன்னல் வழியாகக் கையாட்டினாள், வேன் தெருமுனையில் திரும்பிவிட்டது. நாலு டப்பாக்களும் மறுபடி மாடி ஏறின.

அக்கா ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறாள். படுக்கை விரிப்புகளை இஸ்திரி இயந்திரத்தில் கொடுத்து, மறுபக்கம் வருவதை மடித்து அடுக்க வேண்டும். அங்கே அவளுக்கு 'டேப்பக்கா' என்று பெயர். காரணம், அவள் கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, ஒரு சுருள் காகித டேப்பும் கறுப்பு மார்க்கரும் கட்டாயம் இருக்கும். சமைத்ததை டப்பாவில் போட்டதும் மூடியில் டேப்பை ஒட்டி, என்ன சமையல், என்ன தேதி என்று எழுதிவிடுவாள். சாப்பாட்டு இடைவேளையில் சின்னப் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு யோசனை கேட்பார்கள். வெங்காயம் தக்காளியை ஒரே தடவை நிறைய வதக்கி நாலு பங்கு போட்டால் நாலு நாள் வேலை மிச்சம். முழுக் கோழி வாங்கினால் சதை இரண்டு வேளைக்கு, எலும்பு சூப்புக்கு. காய்கறித் தோலையும் காம்பையும் ஒரு பையில் சேர்த்து ஃப்ரீசரில் போட்டு வைத்தால் அந்தச் சூப்புக்குத் தனியாகக் காய் வேண்டாம். காய்ந்த பீன்ஸ் கொட்டையை முதல் நாளே ஊறவைத்தால் கேஸ் செலவு பாதி. எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் விரலைத் தூக்கி ஒன்று சொல்லுவாள்.

"ஃப்ரீசர்ல பழசு முன்னால, புதுசு பின்னால. கை போனா முதல்ல இருக்கறதைத்தான் எடுக்கணும். இது ஒண்ணு தப்பினா எல்லாம் குப்பைக்குத்தான்."

வீட்டிலும் இந்தச் சட்டம்தான். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். தான் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது என்பதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தானே சொல்லிச் சிரிப்பார். அவர்கூட ஃப்ரீசரில் பின்வரிசையில் கைவைக்க மாட்டார். ஒரு தடவை வைத்து, வாங்கிக் கட்டிக்கொண்டது போதும் என்று விட்டுவிட்டார்.

தங்கச்சி குடும்பம் முதல் மாடியில் இருந்தது. அவள் புருஷன் லாரி ஓட்டுபவர். சரக்கு இறக்கும்போது தவறி விழுந்து கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து, எட்டு மாதம் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். தங்கச்சி காலையில் பேக்கரியிலும் மாலையில் ஒரு செருப்புக் கடையிலுமாக ஓடினாள். அப்போது அக்கா ஒரே பேச்சாகச் சொன்னாள்: "ராத்திரிச் சாப்பாட்டை நீ மறந்துடு. அது என் பொறுப்பு." சொன்னதோடு நிற்கவில்லை, எட்டு மாதமும் ஒரு நாள் தவறாமல் செய்தாள். ஏழு வயதான தங்கச்சி மகள் சாயங்காலம் மேலே வந்து டப்பாவை வாங்கிப் போவாள். கழுவிய டப்பாவை மறுநாள் கொண்டுவருவாள். கழுவுவதற்கு முன்னால் டேப்பை உரித்துவிடு, நனைந்தால் பிசின் ஒட்டிக்கொள்ளும் என்று அக்கா அவளுக்குப் பழக்கியிருந்தாள். இத்தனை செய்தவளிடம் கடைசி நாள் ஒரு டப்பா வாங்க மறுத்தால் யாருக்குத்தான் ஆறும்?

"ஊரை விட்டுப் போற வருத்தமா இருக்கும்," என்றார் கணவர்.

"வருத்தம்னா அழணும். இவ ஏதோ விருந்தாளிகிட்ட பேசற மாதிரி பேசினா," என்றாள் அக்கா.

தங்கச்சி புருஷனுக்கு வேறு ஊரில் ஒரு கிடங்கில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைத்து, அவர்கள் போய் மூன்று நாள் ஆகிவிட்டது. சேர்ந்துவிட்டோம் என்று ஒரு வரி போனில் வந்ததோடு சரி. சாவியை அக்காவிடம்தான் கொடுத்திருந்தார்கள். திங்கட்கிழமை வீட்டுச் சொந்தக்காரர் வந்து பார்ப்பார். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை, அடுப்பில் கோழியும் உருளைக்கிழங்கும் சிறு தீயில் வேகட்டும் என்று வைத்துவிட்டு, அக்கா துடைப்பத்தோடு முதல் மாடிக்கு இறங்கினாள்.

காலி வீடு பெரிதாகத் தெரிந்தது. கட்டில் இருந்த இடத்தில் மட்டும் தரை வெளிறாமல் இருந்தது. அக்கா கூட்டினாள், ஜன்னல் துடைத்தாள், சமையலறைக்கு வந்தாள். தங்கச்சி சமையலறையைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் போயிருந்தாள். அதில் ஒரு குறை சொல்ல முடியாது. அலமாரிக்குள் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று கதவைத் திறந்தபோது, கதவின் உள்பக்கம் மாதத்துக்கு ஒரு தாளாக ஒரு காலண்டர் தொங்குவதைப் பார்த்தாள்.

காலண்டர் முழுக்க அவளுடைய டேப்.

தங்கச்சி மகள், அந்தச் சின்னவளின் வேலை. உரித்த டேப்பைத் தூக்கிப்போட மனமில்லாமல், எந்த நாள் சாப்பிட்டார்களோ அந்த நாளின் கட்டத்தில் ஒட்டியிருக்கிறாள். கோணல்மாணல் இல்லாமல், கட்டத்துக்கு ஒன்றாக, அழகாக. அக்காவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பெரியம்மா புத்தி அப்படியே வந்திருக்கிறது என்று பெருமையாகக்கூட இருந்தது. பக்கத்தில் போய்ப் படித்தாள். தன் கையெழுத்து, தன் கறுப்பு மார்க்கர்.

இருபத்தாறாம் தேதிக் கட்டத்தில்: பீன்ஸ், 4, அதாவது நாலாம் தேதி சமைத்தது. இருபத்தேழில்: பருப்பு, 4. இருபத்தெட்டில்: பருப்பு, 4. மேலே போனாள். பன்னிரண்டாம் தேதியில் போன மாதத்து இருபத்தொன்று. ஐந்தாம் தேதியில் போன மாதத்துப் பதினாலு. தாளைப் புரட்டினாள், அடுத்த தாளிலும் அதேதான். எட்டு மாதத்துக்கும் தாள் இருந்தது. ஒரு கட்டத்தில்கூட அந்த வாரத்துத் தேதி கிடையாது.

அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

பழசு முன்னால, புதுசு பின்னால. கை போனால் முதலில் இருப்பது. அவள் கை அப்படித்தான் போனது, அதில் பொய் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சமைத்ததில் டப்பாவுக்குப் போனது போக மிச்சம் பானையிலேயே இருக்கும். அதை ஞாயிறு, திங்கள், செவ்வாய் அவள் வீட்டில் சூடாகச் சாப்பிட்டார்கள். புதன்கிழமையிலிருந்துதான் அவர்களும் டப்பாவுக்கு வருவார்கள். கீழ்வீட்டுக்கு ஏழு நாளும் முன்வரிசை டப்பா. ஃப்ரீசரின் வரிசையை அத்தனை கவனமாகப் பார்த்தவள், பானை யாருக்கு, டப்பா யாருக்கு என்பதை ஒரு நாளும் பார்க்கவில்லை.

இருபத்தைந்தாம் தேதிக் கட்டத்தில் கோழி, 4 என்று இருந்தது. அது ஞாயிற்றுக்கிழமை. அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. சின்னவள் டப்பா வாங்க வந்தபோது அடுப்பில் கோழி கொதித்துக்கொண்டிருந்தது. குழந்தை வாசலிலேயே மூக்கை உறிஞ்சிவிட்டு, "பெரியம்மா, இது யாருக்கு?" என்று கேட்டாள்.

"இது அடுத்த வாரத்துக்குடா கண்ணு. உங்களோடது இதோ, எடுத்து வச்சிருக்கேன் பாரு," என்று சொல்லி, மூன்று வாரம் பழைய கோழியை அவள் கையில் கொடுத்து அனுப்பினாள். எட்டு டப்பாவுக்கு அளந்து வைத்த பானை அது. ஒரு கரண்டி எடுத்தால் எட்டாவது குறையும். ஒரு கரண்டி! குறைந்தால் என்ன குடி முழுகியிருக்கும்?

அப்புறம் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அது வராமல் இருந்திருக்கலாம். ஒரு நாள் முன்வரிசையில் ஒரே தேதியிட்ட இரண்டு டப்பாக்கள் இருந்தன. ஒன்றில் மூடி சரியாக மூடாமல் ஐஸ் அடையாகப் பிடித்து, பருப்பு ஓரமெல்லாம் வெளுத்திருந்தது. கை ஒரு நொடி நின்றது. கீழே கொடுத்துவிடலாம், சூடு பண்ணினால் தெரியாது என்று நினைத்தாள். நினைத்தபடியே செய்தாள். அதற்கு எந்தச் சட்டமும் துணைக்கு வராது.

தங்கச்சி ஒரு தடவை கேட்டதும் இப்போதுதான் உறைத்தது. கால் கட்டு பிரித்த சமயம். "அக்கா, ஞாயித்துக்கிழமை நானும் மேல வரட்டுமா? சேந்து சமைச்சு, சேந்து சாப்பிடலாம்," என்றாள். அக்கா கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "ரெண்டு பேர் நின்னா கை இடிக்கும்டி. மூணு மணி நேர வேலை அஞ்சு மணி நேரம் ஆயிடும். நீ போய்ப் படு, ஒரு நாளாவது." பாசமாகத்தான் சொன்னாள். தங்கச்சியும் சரி என்று தலையாட்டிவிட்டுப் படி இறங்கினாள். இன்னொரு தடவை கேட்கவே இல்லை.

மாடிப்படியில் கணவரின் குரல் கேட்டது. "ஏம்மா, அடுப்புல என்ன வச்சிருக்க? அடிப்பிடிச்சு வீடே புகையா இருக்கு. நான் அணைச்சிட்டேன்." கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் பானை அடிப்பிடித்தது இதுதான் முதல் தடவை. "இருக்கட்டும்," என்று மட்டும் சொன்னாள். அவர் பயந்துபோய்ப் படியிலேயே நின்றுவிட்டார்.

அக்கா காலி வீட்டின் தரையில் உட்கார்ந்து தங்கச்சிக்குப் போன் செய்தாள்.

"காலண்டரை விட்டுட்டுப் போயிட்டியேடி."

"அது அங்கயேவா இருக்கு? கழட்டணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்க்கா. சின்னவதான் ஒட்டிக்கிட்டே இருப்பா."

"பாத்தேன். தேதியெல்லாம் பாத்தேன்."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தங்கச்சி அதை மூடினாள். "விடுக்கா. எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு நாள்கூட எதுவும் கெட்டுப்போனது இல்ல."

"ஏன்டி ஒரு வார்த்தை சொல்லல?"

"என்னன்னு சொல்றது? கை நீட்டி வாங்கறப்போ தேதி பாத்தா நல்லாவா இருக்கும்?"

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அக்கா சமாளித்திருப்பாள். ஒரே பாவாடைக்கு அடித்துக்கொண்டு வளர்ந்தவர்கள், சண்டை போடவும் ராசியாகவும் இருவருக்கும் நன்றாகத் தெரியும். இந்தக் குரலுக்கு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்லத்தான் போனை எடுத்தாள். அது முழு உண்மை இல்லை.

"ஒரு தடவை தெரிஞ்சேதான்டி கொடுத்தேன். ஐஸ் பிடிச்ச டப்பா."

"தெரியும்க்கா," என்றாள் தங்கச்சி. "பருப்பு."

அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. தப்பு பண்ணிட்டேன்டி என்று ஒரு வழியாகச் சொன்னாள். தங்கச்சி, "அப்படியெல்லாம் பேசாதக்கா, நீ இல்லன்னா நாங்க பட்டினிதான் கிடந்திருப்போம்," என்றாள். அதுவும் உண்மைதான். அந்த உண்மை யாருக்கும் ஆறுதலாக இல்லை.

"வர்ற ஞாயித்துக்கிழமை நான் அங்க வரட்டுமா? கோழி வாங்கிட்டு வரேன். சேந்து சமைக்கலாம்."

"சமையல் வேணாம்க்கா. இங்க அடுப்படி ரொம்பச் சின்னது. வாரத்துக்கு வேண்டியதை நான் சனிக்கிழமையே செஞ்சு வச்சிடறேன், நீ சொல்லிக் கொடுத்த மாதிரியே. டேப்கூட வாங்கிட்டேன்." தங்கச்சி சிரித்தாள், நல்ல மனதோடுதான் சிரித்தாள் என்று அக்காவுக்குத் தோன்றியது. "நீ வா, சாப்பிடு. வர்றதை முதல் நாளே மட்டும் சொல்லிடு. டப்பாவை எடுத்து வெளியில வச்சாத்தான் இளகும்."

"சரிடி. சொல்றேன்," என்றாள் அக்கா.

எந்தத் தேதி டப்பா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.