ஹார்ட்டிஸ்க்கே போதும் என்றவர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு கம்ப்யூட்டர் கடையில் ஒட்டுக்கேட்டது. என் கீபோர்டில் நான்கு எழுத்துகள் தகராறு செய்ததால் புதிது வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றார். தடித்த மணிக்கட்டு, முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை. கேம் போட டிஸ்க் கேட்கிற ஆள் மாதிரியே இல்லை. கடைக்காரர் புது ரக எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்றையும் பழைய ரக ஹார்ட்டிஸ்க் ஒன்றையும் மேசையில் வைத்து எதன் வேகம் எவ்வளவு என்று அளந்து கொட்டிக்கொண்டிருந்தார்.

"எஸ்எஸ்டி வேணாங்க. ஹார்ட்டிஸ்க்கே போதும்" என்றார் அவர்.

சொல்லும்போது குரல் நடுங்கியது. டிஸ்க் வாங்குகிற இடத்தில் ஒருவருக்குக் குரல் ஏன் நடுங்க வேண்டும்? கீபோர்டை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். அந்த நான்கு எழுத்துகள் இன்னும் அடம் பிடிக்கின்றன. எங்காவது பிழை தட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: "உலகில் டிஸ்க்குகள் இரண்டு வகைப்படும். ஒன்று சுழல்வது, மற்றது" — அடித்துவிட்டேன். பள்ளிக்கூடக் கட்டுரை வாடை.

இரண்டாவது: "அந்த உலோகப் பெட்டிக்குள் அவர் வாழ்க்கை சுழன்று" — ஐயோ, வேண்டாம்.

மூன்றாவது நின்றுவிட்டது: லாரிக்காரர் பயந்துபோயிருந்தார்.

(பெயர் தெரியாததால் லாரிக்காரர் என்று வைத்துக்கொள்கிறேன். அந்த மணிக்கட்டுக்குப் பொருந்துகிறது.)

இருபத்தாறு வருடம் சரக்கு லாரி ஓட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மதியம், நேரான சாலையில், அவருக்கு இரண்டு விநாடி காணாமல் போயிற்று. தூங்கவில்லை, மயங்கி விழவும் இல்லை. கண் திறந்திருந்தது, கை ஸ்டியரிங்கில் இருந்தது, ஆள் மட்டும் இல்லை. திரும்பி வந்தபோது லாரியின் மூக்கு ஒரு கடைச் சுவருக்குள் இருந்தது. கடை அன்று பூட்டியிருந்தது யார் செய்த புண்ணியமோ. வலிப்பில் இப்படியும் ஒரு வகை உண்டு என்றார் டாக்டர். லைசென்ஸ் போயிற்று. மாத்திரை சாப்பிட்டு, ஒரு வருடம் எதுவும் வராமல் இருந்தால் திரும்பக் கிடைக்கும்.

வீட்டில் சும்மா உட்கார்ந்த மனிதர் நாளுக்கு நாள் வற்றிப்போனார். அவர் மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல், ஒரு பழைய கம்ப்யூட்டரும் விளையாட்டு ஸ்டியரிங்கும் வாங்கிப் போட்டாள். லாரி ஓட்டும் கேம். ஆள் பிழைத்துக்கொண்டார். ஆளில்லாத சந்திப்பிலும் சிவப்பு விளக்குக்கு நின்றார். கிளம்பும் முன் கண்ணாடிகளைச் சரிபார்த்தார். பழைய பழக்கத்தில் ஒவ்வொரு ஓட்டத்தையும் ஒரு டிரிப் நோட்டில் எழுதினார்: எங்கிருந்து எங்கே, என்ன சரக்கு, வழியில் என்ன தொல்லை.

தொல்லைப் பத்தியில்தான் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. "படம் ஸ்டக். 2 செகண்டு."

3

இனி கடைப் பேச்சு. பாதி நான் காதால் கேட்டது.

"அண்ணே, ஹார்ட்டிஸ்க்னா உள்ள தகடு சுத்தணும், முள்ளு போய்த் தேடணும். நீங்க ஊருக்குள்ள நுழையறீங்க. கட்டடம், வண்டி, ஜனம் எல்லாத்தையும் தேடி எடுத்துட்டு வர்றதுக்குள்ள படம் ஸ்டக் ஆகி நின்னுடும். எஸ்எஸ்டில சுத்தற சமாச்சாரமே இல்ல. டக்குனு வந்துடும்."*

"காலி ரோட்டுல?"

"காலி ரோட்டுல என்ன?"

"காலி ரோட்டுல ஸ்டக் ஆனா?"

"அங்க தேடி எடுத்துட்டு வர என்ன இருக்கு? ரோடு, புல்லு. அங்கல்லாம் ஆகாதுண்ணே."

லாரிக்காரர் மனசுக்குள் பக்கங்களைப் புரட்டினார். டிரிப் நோட்டில் பாதி ஸ்டக் ஊருக்குள்தான். மீதிப் பாதி?

"எஸ்எஸ்டி போட்டா எங்கயுமே நிக்காதா?"

"அநேகமா நிக்கவே நிக்காது."

"அப்ப வேணாங்க. ஹார்ட்டிஸ்க்கே போதும்."

கடைக்காரர் இவரை விநோதமாகப் பார்த்தார். நானும்தான். ஆனால் அவர் கணக்கு சரியான கணக்கு. ஹார்ட்டிஸ்க் இருக்கும்வரை, தொலைந்த ஒவ்வொரு இரண்டு விநாடிக்கும் பழி போட ஓர் இடம் இருக்கிறது. எஸ்எஸ்டி வந்துவிட்டால் டிஸ்க்கின் பங்கு தீர்ந்துவிடும். அதற்குப் பிறகும் ஒரு விநாடி காணாமல் போனால் அது அவருடையது.

டாக்டரிடம் ஏற்கனவே சொல்லியாயிற்று. "ஒரு வருஷமா ஒண்ணும் வரலையே?" "ஒண்ணும் வரலீங்க." அதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. அவருக்கே தெரியாது. சான்றிதழ் கைக்கு வந்தது, லைசென்ஸ் வந்தது, திங்கட்கிழமையிலிருந்து ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டும் வேலையும் வந்தது. பதினான்கு பிள்ளைகள்.

* எஸ்எஸ்டி போட்டால் படத்தின் தரம் கூடிவிடும், கேமே பறக்கும் என்று நினைக்காதீர்கள் என்றும் கடைக்காரர் சொன்னார். காத்திருப்பதும் நடுவில் நிற்பதும் குறையுமாம், அவ்வளவுதான். என் கதைக்கு அது போதும்.

4

இங்கே கதையை நிறுத்துகிறேன். ஒன்றை மறைத்துக்கொண்டு மேலே எழுத எனக்குக் கை ஓடவில்லை.

கடைக்குப் போய் வந்த மூன்றாம் நாள், மகளின் பள்ளியிலிருந்து போனுக்கு ஒரு செய்தி வந்தது. வேனின் பழைய ஓட்டுநர் விலகிவிட்டார், புதியவர் திங்கள் முதல் வருவார், புகைப்படம் இணைப்பில். திறந்தேன். மடித்துவிட்ட சட்டை, தடித்த மணிக்கட்டு. கடையில் நின்றவரேதான்.

என் மகளுக்கு ஆறு வயது. பின்னால் உட்கார்ந்தால் வாந்தி எடுப்பாள் என்று முன் சீட்டில்தான் உட்கார வைப்பார்கள்.

ஆக, எது நிஜம்? கடை நிஜம். நடுங்கிய குரல் நிஜம். "காலி ரோட்டுல?" என்று அவர் கேட்டது நிஜம். வலிப்பு, சுவர், டிரிப் நோட்டு, மனைவி எல்லாம் நான் கட்டியவை. ஒரு நல்ல மனிதருக்கு என் இஷ்டத்துக்கு நோயைக் கொடுத்துவிட்டு நானே பயந்து சாகிறேன்.

என் மனைவியிடம் சொன்னேன். கையில் தோசைக்கரண்டி இல்லாத குறைதான், முறைத்தாள்.

"உங்களுக்கு என்ன கிறுக்கா? கடையில ஒருத்தர் டிஸ்க் வாங்கினாராம், அதனால வேன்ல அனுப்பக்கூடாதாம். ஸ்கூல்ல போய் இதச் சொல்லுங்க பாப்போம். விழுந்து விழுந்து சிரிப்பாங்க."

"குரல் நடுங்குச்சும்மா."

"சளி புடிச்சிருக்கும்."

இருக்கலாம். பெரிய டிஸ்க் தேவைப்பட்டிருக்கலாம். பேரனுக்காகக் கேட்டிருக்கலாம். நான் இப்படி ஒரு பத்து காரணம் எழுதிப் பார்த்தேன். ஒன்றிலும் அந்தக் காலி ரோடு உட்காரவில்லை.

5

எழுதக்கூடாது என்று வைத்திருந்த காட்சி இது. எழுதாமல் இருந்தால் இன்னும் பெரிதாகிறது.

லாரிக்காரர், எஸ்எஸ்டி வாங்கிவரச் சொல்லி அனுப்பிய மனைவியிடம் "அது ஸ்டாக் இல்லையாம்" என்று மழுப்பி ஹார்ட்டிஸ்க்கை மாட்டிக்கொண்டார். அவள் விடுகிற ஆள் இல்லை. வேலைக்குச் சேரும் முன் மனுஷன் ஒரு நாளாவது நிம்மதியாக விளையாடட்டும் என்று, அவர் வேனைப் பார்வையிடப் போயிருந்த சனிக்கிழமை கடைக்காரரையே வீட்டுக்கு அழைத்தாள். கடைக்காரர் ஒரு எஸ்எஸ்டியை மாட்டி, கேமை அதற்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். திரையில் எதுவும் மாறவில்லை. அதே இடம், அதே படம். அவளும் சொல்லவில்லை. கணவரே கண்டுபிடித்து ஆச்சரியப்படட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு பிற்பகல். அவர் ஸ்டியரிங் முன் உட்கார்ந்தார். அவள் முறத்தில் துவரம்பருப்பு (இல்லை, துவைத்த துணி, மடிப்பதற்கு) வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன, இன்னிக்கு வேடிக்க பாக்க வந்துட்ட?"

"ஏன், பாக்கக்கூடாதா? நாளைக்கு நெஜ வண்டில ஏத்தவா போறீங்க?"

ஊருக்குள் நுழைந்தார்கள். வழக்கமாக முட்டி நிற்கும் சந்திப்பு வழுக்கிக்கொண்டு போயிற்று. அவர் புருவம் உயர்ந்தது. அவளுக்குச் சிரிப்பு முட்டியது. ஊர் முடிந்தது. நேரான சாலை, இருபக்கமும் புல்.

அவள் ஒரு துண்டை உதறி மடித்தபடி திரையைப் பார்த்தாள். லாரி இடப்பக்கமாக மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. வேகம் குறையவில்லை. வெள்ளைக் கோடு சக்கரத்துக்கு அடியில் ஓடியது, பிறகு மண் ஓடியது. படம் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். கை ஸ்டியரிங்கில் இருந்தது. கண் திறந்திருந்தது. உதடு எதையோ மெல்வது மாதிரி இரண்டு முறை அசைந்தது.

பிறகு அவர் சட்டென்று ஸ்டியரிங்கை வலதுபக்கம் ஒடித்தார்.

"பாத்தியா? மறுபடி ஸ்டக் ஆயிடுச்சு. பாழாப்போன ஹார்ட்டிஸ்க்."

அவள் துண்டை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"ஆமா" என்றாள். "பாத்தேன். ஸ்டக் ஆச்சு."

அவர் நோட்டை எடுத்து எழுதினார்.

6

மூன்று முடிவுகள் வைத்திருக்கிறேன்.

அ) அவள் அன்று மாலையே சொல்லிவிடுகிறாள். அவர் பள்ளிக்கு போன் செய்து வேலை வேண்டாம் என்கிறார். இதை எழுதும்போது நிம்மதியாக இருந்தது. அவர் பிறகு எப்படி வாழ்ந்தார் என்று கேட்டுவிடாதீர்கள், என்னிடம்

ஆ) அவள் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து முகத்தில் களை வந்திருக்கிற மனிதரை எப்படி மறுபடி மூலையில் உட்கார வைப்பது? திங்கட்கிழமை காலை சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுக்கிறாள். வேன் கிளம்புகிறது. முன் சீட்டில்

(இதற்கு மேல் இந்த முடிவை நான் எழுதமாட்டேன்.)

இ) கடைக்காரர் "அநேகமா" என்றுதானே சொன்னார்? அவள் கண் ஏமாந்திருக்கலாம். படம் நிஜமாகவே ஒரு கணம் நின்றிருக்கலாம். இந்த முடிவைத்தான் நான் தினமும் எடுத்துப் பார்க்கிறேன். அவளும் இதைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குவாள்.

7

திங்கட்கிழமை காலை, ஏழு இருபது. இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கீழே வேன் வந்து நிற்கும் சத்தம். ஒரு ஹார்ன், சின்னதாக, மரியாதையாக. ஜன்னல் வழியே பார்த்தேன். இறங்கி நின்று வேனின் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். மகள் ஷூ மாட்டிக்கொண்டுவிட்டாள். "அப்பா, புது டிரைவர் மாமா வந்தாச்சு" என்று கதவருகே குதிக்கிறாள்.

அந்த மனிதருக்கு வலிப்பைக் கொடுத்தது நான்தானே, எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று இரண்டாம் பகுதிக்குப் போய் அந்த வரிகளை அழித்துப் பார்த்தேன். "காலி ரோட்டுல?" மட்டும் அழியவில்லை. வரிகளைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

"என்னங்க, அனுப்பவா வேணாமா? ஒரு வார்த்த சொல்லுங்க" என்கிறாள் என் மனைவி. கதவின் தாழ்ப்பாளில் கை வைத்திருக்கிறாள். அவள் குரலிலும் இன்று கேலி இல்லை.

இவ்வளவு தூரம் என்னோடு வந்தீர்கள். நான் பார்த்ததையெல்லாம் நீங்களும் பார்த்தீர்கள், எனக்குத் தெரிந்ததைவிட உங்களுக்குத் தெரிந்தது ஒரு துளியும் குறைவில்லை. கதையை எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. கதவைத் திறக்கச் சொல்லலாமா என்று மட்டும் சொல்லுங்கள்.

இரண்டாவது ஹார்ன் அடித்துவிட்டார். சீக்கிரம்.