கடைசிக் குழாய்

அந்த ஊரில் அவளை எல்லோரும் குளோரின் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தண்ணீர் விநியோக அலுவலகம் கொடுத்த அடையாள அட்டையில் பரிசோதகர் என்று கௌரவமாகத்தான் போட்டிருக்கிறது. அட்டையை யார் பார்த்தார்கள்? தோளில் பெட்டியை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போவாள். குழாயைத் திறந்து கொஞ்ச நேரம் ஓடவிடுவாள். சின்னக் கண்ணாடிக் குழலில் தண்ணீர் பிடித்து, ஒரு மாத்திரையைப் போட்டுக் குலுக்குவாள். தண்ணீர் ரோஜா நிறமானால் குளோரின் இருக்கிறது, நம்பிக் குடிக்கலாம். நிறம் மாறவில்லையென்றால் குளோரின் இல்லை, வழியில் எந்தக் கிருமி புகுந்தாலும் கேட்க நாதியில்லை. இவ்வளவுதான் வேலை. ஆனால் ஊரே அவள் குலுக்கும் அந்தக் குழலை நம்பித்தான் குடித்துக்கொண்டிருந்தது.

அவள் வீடு மேல்நிலைத் தொட்டிக்கு அடுத்தாற்போல் இருந்தது. தொட்டியில் கலக்கும் மருந்து சுடச்சுட முதலில் வந்து சேருவது அவள் வீட்டுக் குழாய்க்குத்தான். டம்ளரை வாயருகே கொண்டுபோனாலே குப்பென்று வாடை அடிக்கும். அவளுக்கு அது பழகிப்போன வாடை. அது இல்லாத தண்ணீரைக் கண்டால்தான் அவளுக்குச் சந்தேகம் வரும். பெற்ற மகளிடம்தான் இந்த நியாயம் எடுபடவில்லை.

மகளுக்கு எட்டு வயது. ஒரு இடத்தில் உட்காராத பிள்ளை என்பதால் வீட்டில் வாலு என்று பேர். "உன் தண்ணி நாறுதும்மா. சித்தி வீட்டுத் தண்ணிதான் இனிக்குது" என்று டம்ளரைத் தள்ளி வைத்துவிடுவாள். அம்மாவுக்கு அந்த ஒரு வார்த்தையே போதும், அன்று முழுக்க வயிறு எரிவதற்கு.

சித்தி என்பது குளோரின் அக்காவின் கொழுந்தன் மனைவி, அவளுக்கு ஓரகத்தி. வீட்டிலேயே மெஷின் போட்டுத் துணி தைப்பவள். பிள்ளை இல்லாதவள் என்று நினைத்துவிட வேண்டாம், ஒன்றுக்கு இரண்டாக ஆண் பிள்ளைகள் இருந்தார்கள், இரண்டும் விடுதியில் தங்கிப் படித்தன. மழைநீர் வாய்க்காலைத் தாண்டிய தெருக்கோடி வீடு அவளுடையது. அந்தத் தெருவின் குழாய் அங்கேயே முடிந்துவிடும். பள்ளிக்கூடம் விட்டதும் வாலு நேராக அங்கேதான் போவாள். மெஷினுக்குக் கீழே வெட்டுத் துணிகளைப் பரப்பி உட்கார்ந்துகொண்டு, அன்றைக்கு யார் யாரைக் கிள்ளினார்கள், எந்த டீச்சர் யாரை முறைத்தார் என்பது வரைக்கும் ஒன்று விடாமல் ஒப்பிப்பாள். தையல்காரியும் மிதியை நிறுத்திவிட்டு, "அப்புறம்?" என்று கேட்பாள். அந்த 'அப்புறம்' என்ற கேள்வி குளோரின் அக்காவுக்கு ஒரு நாளும் வாயில் வந்ததில்லை. சாப்பிட்டியா, எழுதினியா, பல் விளக்கினியா என்பதோடு அவள் கேள்விகள் தீர்ந்துவிடும். அதற்குள் பிள்ளையும் தூங்கிவிடும்.

"தண்ணிக்காகத்தான் அங்க ஓடுறா" என்று அவள் புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள். "பாசத்துக்காக ஓடினா என்ன தப்பு? என் தம்பி வீடுதானே" என்றார் அவர். ஆம்பளைக்கு என்ன தெரியும்.

குழாய்ப் பரிசோதனையில் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு லைனிலும் கடைசி வீட்டுக் குழாயில்தான் தண்ணீர் பிடித்துப் பார்க்க வேண்டும். மருந்து போகப் போகத் தீர்ந்துகொண்டே போகும். கடைசி வரைக்கும் அது எட்டினால்தான் நடுவில் இருப்பவர்களுக்கும் பயமில்லை. அந்த லைனுக்குக் கடைசி வீடு ஓரகத்தி வீடு. வாராவாரம் அங்கே போகத்தான் வேண்டும், போய்க்கொண்டும் இருந்தாள்.

போன வருஷம் ஒரு நாள் அப்படிப் போனபோது, உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. கதவு திறந்தே கிடந்தது. வாலு சித்தியின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். சித்தி ஒரு பக்கம் பின்னி முடித்து, மறு பக்கத்துக்கு முடி பிரித்துக்கொண்டிருந்தாள். காலையில் அம்மா சீப்பை எடுத்தாலே வீல் என்று கத்துகிற பிள்ளை அது.

"நான் உங்க வயித்துலயே பொறந்திருக்கலாம் சித்தி."

"அடி கழுதை, உங்கம்மா கேட்டா என் தோலை உரிப்பாங்க" என்று சிரித்தாள் அவள்.

குளோரின் அக்கா வந்த சுவடு தெரியாமல் திரும்பிவிட்டாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்கு இப்பால் தெரு முனையில் இருந்த மளிகைக் கடைக் குழாயில் தண்ணீர் பிடித்தாள். லேசாக ரோஜா நிறம் வந்தது. போதும், எல்லாம் ஒரே குழாய்தானே, நாலு வீடு தள்ளினால் என்ன குடி முழுகிப் போகும் என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டாள். அடுத்த வாரமும் மளிகைக் கடைதான். அதற்கடுத்த வாரமும் அப்படியே. பிறகு கால்களே அந்த முனையோடு நின்றுவிடப் பழகிவிட்டன. தையல்காரி எங்கேயாவது பார்த்து, "வீட்டுப் பக்கமே வர்றதில்லையே அக்கா?" என்று கேட்டால், "வேலை தலைக்கு மேல கிடக்கு" என்று பதில் வரும்.

இந்த வருஷம் மழை கொஞ்சம் பலமாகவே பிடித்தது. மழை விட்ட கையோடு வாலுவுக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. காலையில் இரண்டு தடவை போனாள், மத்தியானம் கணக்கில்லாமல் போனாள். சாயங்காலம் துவைத்துப் போட்ட துணி போலத் துவண்டுவிட்டாள். ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கையில் சலைன் ஏற்றினார்கள். நரம்பு கிடைக்காமல் நர்ஸ் இரண்டு கையிலும் மாற்றி மாற்றிக் குத்தியபோது கூடப் பிள்ளை அழவில்லை. அழக்கூடத் தெம்பில்லாத பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நிலை எந்தத் தாய்க்கும் வரக்கூடாது.

டாக்டர் கேட்டது ஒரே கேள்வி. "தண்ணி எங்க குடிக்கிறா?"

தையல்காரி அலறியடித்துக்கொண்டு ஓடி வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முகமும் வாடித்தான் இருந்தது. "எனக்கும் ரெண்டு நாளா வயிறு சரியில்ல அக்கா. சாப்பிட்டது ஒத்துக்கலன்னு விட்டுட்டேன்" என்றாள். குளோரின் அக்கா எழுந்து, அலுவலகத்துக்குப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு, தெருக்கோடி வீட்டுக்குப் போனாள். வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடியிருந்தாள் ஓரகத்தி, கதவுகூடச் சாத்தவில்லை.

சமையலறைக் குழாயில் தண்ணீர் பிடித்து மாத்திரையைப் போட்டாள். குலுக்கினாள். நிறம் மாறவில்லை. இன்னொரு மாத்திரையைப் போட்டாள். மாறவில்லை.

சொல்லக் கூசுகிற விஷயம், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். 'இனிக்குதாம்ல, இனிக்கும்! மருந்தே இல்லாத தண்ணி இனிக்காம என்ன செய்யும்!' ஒரு கணம்தான். அடுத்த கணம் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வருஷமாகப் பிள்ளை தாகத்துக்குக் குடித்தது இந்தக் குழாயில்தான். வாராவாரம் இங்கே வந்து பார்த்திருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும்.

தகவல் சொன்னதும் மேற்பார்வையாளர் ஆட்களைக் கூட்டிவந்து தோண்டினார். மளிகைக் கடைக்கும் கோடி வீட்டுக்கும் நடுவில், வாய்க்காலுக்கு அடியில் குழாய் விரிசல் விட்டிருந்தது. வாய்க்காலில் மழையோடு ஓடிய சாக்கடையெல்லாம் உள்ளே இறங்கியிருந்தது. குழாயை மாற்றி, லைனைக் கழுவி, மருந்தைக் கூட்டினார்கள். மேற்பார்வையாளர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"கடைசிக் குழாய்ல மருந்து எட்டலன்னு இத்தனை நாளா எப்படிம்மா தெரியாமப் போச்சு? நீங்க எங்க தண்ணி பிடிச்சீங்க?"

"மளிகைக் கடையில."

"ஏன்?"

"அந்த வீடு... பூட்டிப் பூட்டிக் கிடந்துச்சு சார்."

பொய் அவ்வளவு சுலபமாக வந்து விழும் என்று அவளே நினைக்கவில்லை. அவர் அதோடு விட்டாரா? ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைப் பார்க்க வந்தவர், தையல்காரியைப் பிடித்துக்கொண்டார். "பரிசோதனைக்கு வர்ற நேரத்துல வீட்டைப் பூட்டிட்டுப் போயிட்டா எப்படிம்மா? பாருங்க, உங்க வீட்டுப் பிள்ளைக்கே வந்துடுச்சு."

தையல்காரி திருதிருவென்று விழித்தாள். நாள் முழுக்க மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவள் அவள். 'நான் எங்கே பூட்டினேன்' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பொய் அங்கேயே உடைந்திருக்கும். அவள் கேட்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நூல் வாங்கப் போன நேரமா இருக்கும் சார்" என்றாள்.

அவர் போனதும் குளோரின் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என் வீட்டுத் தண்ணிதான்னு ஆசை ஆசையா குடிப்பா அக்கா. என் கையாலயே மொண்டு மொண்டு குடுத்தேனே. இனிமே பிள்ளைய என் வீட்டுக்கு அனுப்பாதீங்க. நான் வேணாம் அவளுக்கு."

குளோரின் அக்கா கேட்டுக்கொண்டு நின்றாள். இதற்காகத்தானே இத்தனை நாள் உள்ளுக்குள் கிடந்து புழுங்கினாள். ஒரு வருஷமாக ஏங்கியும் கிடைக்காதது, வாயைத் திறக்காமல் இருந்தால் தானாகக் கிடைக்கிறது. "அழாத, விடு" என்று மட்டும் சொன்னாள். உண்மையை மென்று முழுங்கிவிட்டாள்.

வாலு தேறி வீட்டுக்கு வந்தாள். பள்ளிக்கூடம் விட்டால் நேராக வீடு. அம்மா கொடுத்த தண்ணீரை மூக்கைச் சுளிக்காமல் குடித்தாள். குளோரின் அக்கா அலுவலகத்திலிருந்து சீக்கிரமாகவே வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்டாள். "ஒண்ணும் நடக்கல." "அப்புறம்?" என்றுகூடக் கேட்டுப் பார்த்தாள். ஒன்றும் நடக்காததற்கு அப்புறம் என்ன இருக்கிறது? பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முழுக்க முழுக்கத் தனக்கென்றே கிடைத்த மகளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் பிள்ளையே கேட்டாள். "சித்திக்கு என் மேல கோவமாம்மா?"

"ஏன்டி?"

"நான் போனேன். உள்ள விடல. வாசல்லயே நின்னு, வீட்டுக்குப் போன்னு சொல்லிட்டாங்க. நான் என்னம்மா செஞ்சேன்?"

மறுநாள் பரிசோதனை நாள். கடைசிக் குழாயைத் தவிர வேறு எங்கும் தண்ணீர் பிடிக்கக் கூடாது என்று மேற்பார்வையாளர் கறாராகச் சொல்லியிருந்தார். போனாள்.

சமையலறையில் கால் வைக்க இடமில்லை. இருக்கிற பாத்திரத்தில் எல்லாம் தண்ணீரைக் காய்ச்சிக் காய்ச்சி மூடி வைத்திருந்தாள் தையல்காரி. இந்தச் சில நாளில் பாதியாக இளைத்திருந்தாள். "வாங்க அக்கா" என்று குழாயை அவளே திறந்துவிட்டாள். மாத்திரையைப் போட்டதும் தண்ணீர் பளிச்சென்று ரோஜா நிறமானது.

"நல்லா இருக்கு. காய்ச்சக்கூட வேணாம்" என்றாள் குளோரின் அக்கா.

"இருக்கட்டும் அக்கா. நான் இப்ப எங்கயும் போறதே இல்ல. நூல்கூட அவரைத்தான் வாங்கிட்டு வரச் சொல்றேன். நீங்க எப்ப வந்தாலும் கதவு தொறந்துதான் இருக்கும்."

குளோரின் அக்கா குழலைக் கீழே வைத்தாள். இன்னும் ஒரு வார்த்தை சொல்லாமல் திரும்பிப் போய்விடலாம். பிள்ளை அவளுடையதாகவே இருக்கும். ஆனால் எதிரில் நின்ற முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளால் முடியவில்லை.

"நீ பூட்டவே இல்ல. நான்தான் வரல. ஒரு வருஷமா உன் குழாயை நான் தொட்டே பாக்கல."

தையல்காரிக்குப் புரியவில்லை. "ஏன் அக்கா?"

"என் பிள்ளை உன் மடியில படுத்துக் கிடந்தா. உன் வயித்துல பொறந்திருக்கலாம்னு சொன்னா. எனக்குப் பொறாமை. அன்னைக்கே திரும்பிட்டேன். வீடு பூட்டியிருந்துச்சுன்னு நான் சொன்னது பொய். ஆபீஸ்லயும் சொல்லிடறேன்."

தையல்காரி குழாயை இறுக மூடினாள். அப்படியே காய்ச்சிய பாத்திரங்களுக்கு நடுவில் நின்றாள். மெதுவாகத்தான் பேசினாள்.

"என் கையாலயே விஷத்தைக் குடுத்தேன்னு நெனச்சு நெனச்சு நான் தூங்கல. வாசல்ல வந்து நின்ன பிள்ளைய வெரட்டி விட்டேன். எல்லாம் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"ஆமா."

"வாராவாரம் தண்ணி பிடிக்க வாங்க. அது உங்க வேலை. வேற எதுக்கும் இந்த வாசல்ல கால் வைக்காதீங்க." ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அக்கா போடுகிறவள் அக்கா என்று சொல்லவில்லை. "பிள்ளைய அனுப்புங்க. இப்பவே அனுப்புங்க."

குளோரின் அக்கா வீட்டுக்கு வந்தாள். வாலு பள்ளிக்கூடப் பையைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"சித்தி உன்னக் கூப்பிடறா."

"நெசமாவா?" பிள்ளை எழுந்த வேகத்தில் பை சரிந்து விழுந்தது. "கோவம் போயிடுச்சா?"

"உன் மேல கோவமே இல்ல. போ."

"நீயும் வாம்மா."

"இல்ல. நீ போ."

வாலு ஓடினாள். மளிகைக் கடை முனையில் திரும்பும்போதாவது ஒரு தடவை பார்ப்பாள் என்று அம்மா படியிலேயே நின்றாள். பார்க்கவில்லை. அம்மாவுக்கு அப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது.