புரியாத வரிக்குக் கீழே ஒரு கோடு

டாக்டரம்மா அந்தத் தாள்களை நீட்டியபோது நான் கழுவிய குடுவைகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தேன். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாங்கினேன்.

"நீ எதுவரைக்கும் படிச்சே?"

"எட்டு மேடம்." கொஞ்சம் யோசித்து, "அதுலயும் பாதிதான்," என்றேன்.

"அது போதும். இனிமே நீதான் எங்க பரீட்சை ஆபீசர்."

எங்கள் லேபில் ஓயாமல் தும்முகிற டெக்னீஷியன் ஒருவர் உண்டு. தும்மல் அண்ணன் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். "ஆபீசர் மேடம், பார்த்து பாஸ் போடுங்க," என்று எனக்கு ஒரு கும்பிடு போட்டார்.

விஷயம் இதுதான். எச்.ஐ.வி. இருப்பவர்கள் தினமும் மாத்திரை சாப்பிடுகிறார்கள். சிலருக்குக் கொஞ்ச வருஷத்தில் கிருமி அந்த மாத்திரைக்குப் பழகிவிடுகிறது. எந்த மருந்து இன்னும் வேலை செய்யும் என்று கண்டுபிடிக்கச் சோதனை இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அது யாருக்கும் கட்டுப்படியாகாது. அட்டையில் காயவைத்த நாலு சொட்டு ரத்தத்தை வைத்து அதை இங்கேயே மலிவாகச் செய்துவிடலாம் என்பது டாக்டரம்மாவின் யோசனை. உதவி கேட்டு எழுதிய இடத்திலெல்லாம், இதற்கு முன் என்ன செய்து காட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டார்களாம். செய்து காட்டத்தான் பணம் கேட்கிறேன் என்று ஆறு வருஷம் பதில் எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில், வசதியில்லாத நாடுகளின் விஞ்ஞானிகளுக்கென்றே இருக்கிற ஓர் அமைப்பு விதைப்பணம் கொடுத்தது. ஒரு வருஷத்துக்கு மட்டும். அதற்குள் ஏதாவது முளைத்தால் பெரிய உதவி கேட்கலாம். முளைக்காவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

அவர்கள் போட்ட நிபந்தனைகளில் ஒன்று, ரத்தம் கொடுக்கிறவர்கள் கையெழுத்துப் போடும் படிவம் எட்டாம் வகுப்புப் படித்தவருக்குப் புரிய வேண்டும் என்பது.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. நிதானமா படி. எது புரியலையோ அதுக்குக் கீழே கோடு போடு. வெட்கப்படாதே. புரியலைன்னா தப்பு உன்மேல இல்ல, எங்கமேல."

வீட்டு முன்னறையில்தான் அப்பாவின் இஸ்திரிக் கடை. லேபின் வெள்ளைக் கோட்டுகளும் எங்களிடம்தான் வரும். அந்த வழியாகத்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது. அம்மா காய்ச்சலில் போனபோது நான் எட்டாவது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. அப்பாவும் போ என்று சொல்லவில்லை. அதற்காக அவருக்கு என்மேல் எப்போதும் ஒரு தயக்கம் உண்டு. ஏதாவது வேண்டுமென்றால் தண்ணீரைக்கூடச் சுற்றி வளைத்துத்தான் கேட்பார்.

படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் மாத்திரையின் படம் இருந்தது. "நீங்கள் இந்த மாத்திரையைச் சாப்பிடுபவரா?" நீளமாக, வெளிர் சிவப்பாக, நடுவில் ஒரு கோடு.

அப்பா காலை எட்டு மணிக்கு விடாமல் சாப்பிடும் சத்து மாத்திரை அது. புட்டியில் ஒட்டிய பெயர்ச் சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்திருப்பார்.

அம்மா இறந்த அந்த மாதத்திலேயே, பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள் என்று சொல்லி அப்பா என்னை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போயிருந்தார். முடிவை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர், எனக்கு இரண்டு ஐஸ்க்ரீம் வாங்கிக் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்து நின்று அழுதார். எனக்கு ஒன்றும் இல்லை என்பதற்கா ஒரு மனிதர் அப்படி அழுவார் என்று அப்போது விளங்கவில்லை. இப்போது படத்தைப் பார்த்ததும் விளங்கியது. அதைவிட, ஆறு மாதமாக அவர் இஸ்திரிப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்குவது எதனால் என்று விளங்கியது. மாத்திரை வேலை செய்வதை நிறுத்திவிட்டது.

கேட்க வாய் வரவில்லை. அதனால் படித்துக் காட்டினேன்.

"அப்பா, இது லேபில கொடுத்தாங்க. எட்டாங்கிளாஸுக்குப் புரியுதான்னு பார்க்கணுமாம். சத்தமா படிக்கட்டா?"

"நான் அஞ்சாங்கிளாஸ் ஆச்சே. எனக்குப் புரிஞ்சா நாய்க்கும் புரியும். படி."

அவர் டாக்டரம்மாவின் கோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முதல் இரண்டு பக்கத்துக்கு ம் கொட்டினார். மூன்றாம் பக்கத்தில் ம் நின்றது. நான் தலை தூக்காமல் படித்தேன். "உங்கள் பெயரும் விவரமும் ஆய்வகப் பணியாளர்களுக்குத் தெரியவரும். அவை ரகசியமாகப் பாதுகாக்கப்படும்."

"திரும்பப் படி."

படித்தேன்.

"எல்லாருக்கும் தெரியும், ஆனா ரகசியம். நல்லா இருக்கே கூத்து." சிரிக்கப் பார்த்தார். "அந்தக் கோட்டை நான் தேய்ச்சுத் தர, அதைப் போட்டுக்கிட்டு அவங்க என் பேரை..." நிறுத்தி, "யாரோ ஒருத்தனோட பேரைப் படிப்பாங்களா? அப்புறம் கோட்டை அவன்கிட்ட தருவாங்களா? அதுக்குக் கீழே கோடு போடு பாப்பா. புரியல."

தீய்ந்த வாசனை வந்தது. கோட்டின் பைக்குப் பக்கத்தில் பெட்டியின் மூக்கு அப்படியே பழுப்பாகப் பதிந்துவிட்டது. எனக்குத் தெரிந்து அப்பா ஒரு துணியைக் கூடக் கருக்கியதில்லை. நான் கோடு போட்டேன். இரண்டு தடவை, அழுத்தி.

டாக்டரம்மா கருகலைப் பார்த்து, "பேனா வைச்சா மறைஞ்சிடும்," என்று சொல்லிவிட்டார். படிவத்தில் அழுத்திப் போட்டிருந்த இரண்டு கோடுகளைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு அந்த வரியை அடித்துவிட்டு, பெயர் ரத்தம் எடுக்கிற கிளினிக்கைத் தாண்டி வராது, லேபுக்கு நம்பர் மட்டும்தான் வரும் என்று மாற்றினார். மாற்றினால் நெறிமுறைக் குழு மறுபடி ஒப்புதல் தர வேண்டுமாம். குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும். போன வாரம்தான் கூடிக் கலைந்திருந்தது.

"ஒரு கோடு, ரெண்டு மாசம்," என்றார் தும்மல் அண்ணன். "ரொம்ப நீளமான கோடும்மா உன்னோடது."

அந்த இரண்டு மாதத்தில் அப்பா எட்டுக் கிலோ இளைத்தார். பெட்டியை நான் தூக்கிக் கொடுக்க, அவர் தள்ளுவார். புதுப் படிவத்தையும் வீட்டில் சத்தமாகப் படித்தேன். "இப்ப பரவாயில்ல," என்றார். அவ்வளவுதான். அடுத்த வாரம் கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு எங்கேயோ போய் வந்தார். விரல் நுனியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"ஊர்த் துணிக்கெல்லாம் நான் நம்பர் போட்டேன். இன்னிக்கு எனக்கே நம்பர் போட்டுட்டாங்க."

"என்ன நம்பர்ப்பா?"

"பத்தொன்பது."

எங்கே என்று நான் கேட்கவில்லை.

ரத்தம் பட்ட எதையும் நான் தொடக் கூடாது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அட்டைகள் வரிசையாக நிற்கும். குழாயடியிலிருந்து பார்த்தால் தெரியும். மூன்றாம் நாள் பத்தொன்பது வந்தது. நாலு வட்டம், நாலு பழுப்புப் பொட்டு. ஒன்று வட்டத்தைத் தாண்டி வழிந்திருந்தது. மெஷினில் ஒரு தடவைக்கு இருபத்துநாலு அட்டை. பாதி அட்டையோடு ஓட்டினால் சோதனை மருந்து வீண், திரும்ப வாங்க வழியில்லை. அதனால் இருபத்துநாலு சேரும்வரை காத்திருந்தார்கள். தினமும் காலையில் நான் கதவைத்தான் முதலில் பார்ப்பேன். இருபது. இருபத்தொன்று. ஒரு வாரம் அப்படியே இருபத்தொன்று.

அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்து, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நிமோனியா என்றார்கள். மற்றதை அவர் அங்கே சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று என்னைக் கண்ணாலேயே தடுத்தார். ஒரு மத்தியானம் முகமூடியை நகர்த்திவிட்டு, "அந்தக் காகிதம் வந்திருக்குமா?" என்றார்.

"இன்னும் மூணு அட்டை வரணும்ப்பா."

"அப்போ உனக்கு எல்லாம் தெரியும்."

"எனக்கு எதுவும் தெரியாது."

"நல்ல பொண்ணு," என்று கண்ணை மூடிக்கொண்டார். சிரித்த மாதிரி இருந்தது. நாலு நாள் கழித்துப் போய்விட்டார்.

டாக்டரம்மா வீட்டுக்கு வந்தார். முன்னறையில் தேய்க்காமல் கிடந்த கோட்டுகளுக்கு நடுவில், உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே இருந்தார். "பொறுமையா வேலைக்கு வா," என்றார். நான் பன்னிரண்டாம் நாளே போனேன். வீட்டில் இஸ்திரிப் பெட்டி கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

அன்றுதான் முடிவுகள் வந்தன. டாக்டரம்மா அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. "வேலை செய்யுது! இருபத்துநாலுலயும் வேலை செய்யுது! இந்தப் பத்தொன்பதைப் பாருங்க. ரெண்டு மருந்து போச்சு, ஆனா மூணாவது நல்லா கேட்கும். நம்ம கிளினிக் அலமாரியிலேயே இருக்கிற மருந்து. மாத்திக் கொடுத்தா எழுந்து ஓடுவார் மனுஷன்."

நான் குழாயைத் திறந்துவிட்டேன். கழுவ ஒன்றுமில்லை. சும்மா ஓடட்டும் என்று விட்டேன்.

இருபத்துமூன்று பேர் கிளினிக்குக்கு வந்து முடிவை வாங்கிக்கொண்டார்கள். பத்தொன்பது வரவில்லை. அவர் கொடுத்திருந்த போன் நம்பரில் வேறு யாரோ எடுத்தார்கள். "பத்தொன்பது கம்பி நீட்டிட்டார்," என்றார் தும்மல் அண்ணன். "வீட்டு வாசல்ல கொண்டுபோய்க் கொடுத்தாலும் நம்ம ஜனங்களுக்கு அக்கறை கிடையாது." அவர் கெட்டவர் இல்லை. அப்பாவுக்காக ஒரு நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் என்னோடு வரிசையில் நின்றவர்.

நான் திரும்பத் திரும்ப அதையே நினைத்தேன். அந்தக் கோடு இல்லாவிட்டால் இரண்டு மாதம் முன்னாடியே முடிவு வந்திருக்கும். அந்தக் கோடு இல்லாவிட்டால் அப்பா ரத்தம் கொடுக்கவே போயிருக்க மாட்டார். இந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் போனாலும் அதே இடத்தில்தான் வந்து நிற்கிறேன்.

வருஷம் முடிந்தது. பெரிய உதவிக்கு டாக்டரம்மா எழுதிப்போட்டார். ரத்தம் கொடுத்தவர்களுக்கு ஒரு பக்கத்தில் நன்றிக் கடிதம் தயாரித்து, வழக்கம்போல என்னிடம் கொடுத்தார். "ஆபீசர், கடைசிப் பரீட்சை."

எல்லாம் புரிந்தது. நடுவில் ஒரு வரி. "ஒருவர் தன் முடிவைப் பெற்றுக்கொள்ள வரவில்லை."

மறைத்து வைத்ததை நான் சொன்னால் அப்பாவுக்குப் பிடிக்காது. சொல்லாவிட்டால் இருபத்துமூன்று வீட்டுக்கு இந்த வரி போகும். இரண்டு நாள் தாளைப் பையிலேயே வைத்திருந்தேன். மூன்றாம் நாள் கோடு போட்டுக் கொடுத்தேன்.

அறையில் அவர் மட்டும்தான் இருந்தார். "இதுல என்னம்மா புரியல?"

"புரியுது மேடம். தப்பா இருக்கு."

"தப்பா?"

"வந்திருப்பார். கேட்டுக்கிட்டேதான் இருந்தார்."

"யாரு கேட்டா?"

அவர் கோட்டின் பையைப் பார்த்தேன். பேனா மேஜைமேல் இருந்ததால் பழுப்பு மூக்கு முழுசாகத் தெரிந்தது. அவரும் குனிந்து பார்த்தார். விரலால் அந்தக் கருகலைத் தடவினார்.

"எப்போ?" என்றார். உடனே, "எனக்குத் தெரியும். வீட்டுக்கு நான் வந்தேனே," என்று தனக்கே சொல்லிக்கொண்டார். பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். "என்ன எழுதணும்?"

"முடிவு வருவதற்கு முன் ஒருவர் இறந்துவிட்டார்." யோசித்து, "அவர் காத்திருந்தார்," என்றேன்.

இரண்டையும் எழுதினார். கடைசி எழுத்து கோணலாக விழுந்தது.

மத்தியானம் தும்மல் அண்ணன் கடிதத்தை டைப் செய்யும்போது, "பத்தொன்பது இறந்துட்டாரா? யாரு மேடம் சொன்னா?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

"கிளினிக்ல சொன்னாங்க," என்றார் டாக்டரம்மா. என் பக்கம் திரும்பவில்லை.

"பாவம். நான் வேற கண்டபடி பேசிட்டேன்," என்றார் தும்மல் அண்ணன். அப்புறம் டைப் அடிக்கும் சத்தம் மறுபடி கேட்டது.