பல்செட்டுக்காரரின் வால்வுப் பெட்டி

மாலை ஏழு மணிக்குப் பல்செட்டுக்காரர் ஹெட்ஃபோனைக் காதில் மாட்டினால் அந்தத் தெருவில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. குக்கர் ஆவியை விடும், விசில் வராது. முக்குச் சலூனில் கத்தரிக்கோல் வாயைத் திறந்து மூடும், சத்தம் வராது. அந்தப் பக்கம் புதிதாக வந்த நாய்கள் ஒருமுறை குரைத்துப் பார்த்துவிட்டு, தங்களுக்கே ஏதோ ஆகிவிட்டதென்று பயந்து வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிடும். பழகிய நாய்கள் எட்டு மணி வரை பேசாமல் படுத்திருக்கும். எட்டு மணிக்கு அவர் ஹெட்ஃபோனைக் கழற்றி ஆணியில் மாட்டியதும் எல்லாச் சத்தமும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

பகல் முழுக்க அவருக்குப் பல்லோடுதான் பிழைப்பு. ஒரு பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் உட்கார்ந்து, யார் யார் வாய்க்கோ பல்செட்டு செய்து, மெஷினில் வைத்து ராவி ராவி, அந்த இரைச்சல் காதுக்குள்ளேயே குடிவந்துவிட்டது. அதைக் காலி செய்யவைக்கத்தான், ஹெட்ஃபோனில் பாட்டுக் கேட்கவென்று ஒரு ஆம்ப்ளிஃபயரை வாங்கினார். டிஃபன் டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. முன்பாதியில், பழைய ரேடியோக்களுக்குள் சிவந்து எரியுமே, அந்த மாதிரிக் கண்ணாடி வால்வு ஒன்று. பின்பாதியில் இந்தக் காலத்து டிரான்சிஸ்டர்கள். பார்சல் வந்த வாரமே கம்பெனி அந்த மாடலை நிறுத்திவிட்டது. வால்வு மாற்றுவது பற்றி ஒரு சந்தேகம் கேட்டு எழுதினார். நாங்கள் இப்போது பூனைகளுக்குக் கழுத்துப்பட்டை மட்டுமே செய்கிறோம், உங்கள் பூனை நலமா என்று பதில் வந்தது. அதன்பிறகு நல்லது கெட்டது எல்லாம் அவரே பார்த்துக்கொண்டார். வால்வின் கால்களைத் துடைக்க ஒரு பிரஷ், மின்னழுத்தத்தைத் திருகிச் சரிசெய்ய ஒரு பொடி ஸ்க்ரூ டிரைவர், அளக்க ஒரு மீட்டர் என்று அதற்கென்று தனி டிராயரே வந்தது.

“எனக்குக் காய்ச்சல் வந்தப்போகூட இத்தனை தடவ தொட்டுப் பாக்கல,” என்றாள் அவர் மனைவி. வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு உடுப்பு தைத்துக் கொடுப்பவள் அவள். அந்தப் பெட்டிக்கு அவள் வைத்த பெயர் சக்களத்தி.

தெருவின் சத்தம் போவது யாரால் என்று கண்டுபிடிக்கச் சில மாதம் ஆயிற்று. அவர் வீட்டு ஃபியூஸ் போன ஒரு மாலையில் சத்தம் திரும்பி வந்ததை வைத்துப் பிடித்துவிட்டார்கள். நியாயம் கேட்கக் கூட்டமாக வந்தார்கள். ஆனால் வந்தது ஏழேகாலுக்கு. வாசலில் நின்று முக்கால் மணி நேரம் தொண்டை கிழியக் கத்தினார்கள், ஒருவர் கத்தியது ஒருவருக்கும் கேட்கவில்லை. எட்டு மணிக்குக் கதவு திறந்தபோது எல்லோருக்கும் கோபம் தீர்ந்துபோயிருந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, உடம்பு லேசானதுபோல் நடந்து போனார்கள்.

தெருவுக்கு விஷயம் பிடிபட்டது அப்போதுதான். அதிலிருந்து ஏழு மணி ஆனால் ஆளாளுக்கு வாயைத் திறந்தார்கள். பகலெல்லாம் “பரவாயில்லம்மா, மெதுவா பிரேக்க மிதிங்க” என்று தேனாகப் பேசும் டிரைவிங் ஸ்கூல் டீச்சர், மொட்டைமாடியில் நின்று அன்றைக்கு வந்த ஒவ்வொருவரையும் ஏக வசனத்தில் கிழித்தாள். சலூன்காரர் வாடிக்கையாளரின் தலைக்குப் பின்னால் நின்று உள்ளதை உள்ளபடி சொன்னார். மாடி வீட்டு மருமகன் தன்னோடு வந்து தங்கியிருந்த மாமியாரைப் பார்த்துச் சிரித்த முகமாகத் திட்டினார். மாமியாரும் அதே சிரிப்போடு வாயசைத்துக்கொண்டிருந்தாள். எட்டு மணிக்கு எல்லோரும் சாந்த சொரூபியாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

பல்செட்டுக்காரர் மட்டும் நிம்மதியாக இல்லை. பாட்டுக்கு அடியில் மணல் சலிப்பதுபோல் ஏதோ ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது. வால்வில்தான் கோளாறு என்று நினைத்து வயரை மாற்றினார், கால்களைத் துடைத்தார், திருகியைக் கால் சுற்று திருப்பினார். அப்படித் திருப்பியபோதுதான் ஒரு வயலின் இசைக்கு நடுவில், “கிளட்ச்சு எதுன்னு தெரியாத முண்டம்” என்று தெளிவாகக் கேட்டது. காணாமல்போன சத்தமெல்லாம் வேறெங்கும் போகவில்லை, அவர் காதுக்குத்தான் வந்துகொண்டிருந்தது. பதறிப்போய்க் கழற்றப் போனார். அதற்குள் இன்னொரு குரல் வந்தது. அவர் மனைவியுடையது. “சமையலறைக் குழாய் ஒழுகுது. சொல்லிச் சொல்லி வாயே வலிக்குது. எங்கே காதுல விழுது?”

மறுநாள் குழாயைச் சரிசெய்தார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அன்று மாலை மெஷினை மிதித்தபடி, நீல நூல் தீர்ந்துவிட்டது என்றாள். மறுநாள் நீல நூல் வந்தது. அதற்கும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அதன்பிறகு ஏழு மணிக்கு அவள் பேச ஆரம்பித்தாள். தையல் துணியைப் பார்த்துக்கொண்டே, கல்யாணத்துக்கு முன்னால் நீச்சல் போட்டியில் ஜெயித்ததை, அவருடைய அக்கா ஒருமுறை சொன்ன சொல் இன்னும் உறுத்துவதை, முழங்கால் வலியை, தனியாகக் கடை போட வேண்டுமென்ற ஆசையை எல்லாம் சொன்னாள். இருபது வருஷக் குடித்தனத்தில் தெரியாத ஒரு பெண்ணை அவர் அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொண்டார். பாட்டின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் பாட்டு வைப்பதையே விட்டுவிட்டார்.

வால்வு செத்தது ஒரு சாதாரண மாலையில், ஏழரைக்கு. முன்னறிவிப்பு எதுவும் தராமல் மினுக்கென்று அணைந்தது. தெரு முழுவதும் ஒரே நேரத்தில் சத்தம் திரும்பிவிட்டது.

“உனக்கு லைசென்ஸ் குடுக்கறதுக்குப் பதிலா எருமைக்குக் குடுக்கலாம்!” என்று மொட்டைமாடியிலிருந்து டீச்சர் குரல் கேட்டது. திட்டு வாங்கிய அந்த மாணவரே கீழே ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். “இந்தத் தலையில வெட்டறதுக்கு என்ன இருக்கு?” என்று சலூனிலிருந்து கேட்டது. பாதி வெட்டிய தலையோடு ஒருவர் எழுந்து போனார். “தின்னே தீக்கிற கிழவி” என்பதும் “சம்பாதிக்கத் துப்பில்லாத பய” என்பதும் மாடி வீட்டில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. கடைசியாக, எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்ட பிறகு, தையல் மெஷினுக்குப் பின்னாலிருந்து அமைதியாக ஒரு குரல்: “காதத் திறந்து வெச்சிருக்கறப்போ இந்த மனுஷனுக்கு நான் சொல்றது ஒண்ணும் விழாது. அத மாட்டிக்கிட்டாத்தான் தெருவே கேக்குது இவருக்கு.”

தெருவே கேட்டது. அதன்பிறகு அவரிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருவரோடொருவரும் முன்போலப் பேசவில்லை. மருமகன் மாமியாரை ‘வாங்க, உக்காருங்க, சாப்பிடுங்க’ என்று நடுங்கி நடுங்கி உபசரித்தார். டீச்சருக்கு இரத்த அழுத்தம் ஏறியது.

அவரோ அந்த வால்வுக்காக அலைந்தார். எங்கும் இல்லை. ஒரு மாலை வெறுங்காதோடு மனைவிக்கு எதிரே போய் உட்கார்ந்தார்.

“ஏதாவது சொல்லு,” என்றார்.

“என்னத்தச் சொல்றது?”

“எப்பவும் சொல்வியே.”

“இப்படி மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்தா எப்படிங்க வரும்?” என்று அவள் கோர்த்த ஊசியையே மறுபடி கோர்த்தாள். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

மாடி வீட்டு மாமியார்தான் கடைசியில் படியிறங்கி வந்தாள். துறைமுகத்து வயர்லெஸ் ஆபீஸில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆபீஸை மூடியபோது தூக்கிப்போடச் சொன்ன வால்வுகளை, தூக்கிப்போட மனசில்லாமல் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தாள். டின்னை மேஜைமேல் வைத்துவிட்டு, “நான் அவனைத் திட்டினதையும் கேட்டீங்கதானே?” என்றாள்.

“கேட்டேங்க.”

“எப்படி இருந்துச்சு?”

“அவரு திட்டினத விட நல்லா இருந்துச்சு.”

அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “அவன் இப்போ எனக்கு மரியாதை குடுக்கறான் தம்பி. என்னால தாங்க முடியல. சீக்கிரம் மாட்டுங்க.”

டின்னில் கால் பொருந்தியது ஒன்றே ஒன்றுதான். கப்பலுக்கான வால்வு, பெரிய உடம்பு. பெட்டியின் மூடியை அறுத்துத்தான் உள்ளே இறக்க முடிந்தது. துடைத்து, சூடேற்றி, மீட்டரைப் பார்த்துத் திருகி, ஏழு மணிக்கு மாட்டினார். கப்பல் வால்வு என்பதால் பக்கத்துத் தெருவும் பஸ் நிறுத்தமும் சேர்த்தே அடங்கின. அன்று முதலில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருப்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். வெகுநேரம் கழித்து டிரைவிங் டீச்சர் மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்து, அவர் ஜன்னலுக்கு நேராக நின்று, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, முதல் மாணவரிலிருந்து ஆரம்பித்தாள். அவளுக்குப் பின்னால் சலூன்காரர் வந்து நின்றார்.

இப்போது பக்கத்துத் தெருக்காரர்களும் வருகிறார்கள். வரிசை பஸ் நிறுத்தம்வரை போகிறது. ஓட்டுநர்கள் கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கொள்கிறார்கள். கடைசி கால் மணி நேரம் மட்டும் ஜன்னலைச் சாத்திவிடுவார். அது வீட்டுக்கு. மனைவி துணியை மடியில் போட்டுக்கொண்டு பேசுவாள். அவரும் நடுநடுவே பதில் சொல்வார், ஆனால் அந்த நேரத்தில் அவர் குரலும் யாருக்கும் கேட்காது. ஒருநாள் எட்டு மணிக்கு அவள் கேட்டாள்.

“அப்போ ஏதோ வாயசைச்சீங்களே, என்ன சொன்னீங்க?”

“சரின்னேன்.”

“அதுக்கு அவ்வளவு நேரமா வாயசைப்பாங்க?” என்றாள் அவள். அவர் பெட்டியின் சூடு ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்தார். அவளும் உட்கார்ந்திருந்தாள். வெளியே நாய்கள் எழுந்து, அன்றைய பாக்கிக் குரைப்பை முடித்துக்கொண்டிருந்தன.