கலைச்செல்வி பிரித்து வைத்த நகரம்

1

இந்தக் கதையைத் தேடி நான் போகவில்லை. என் பழைய எக்ஸ்ரே ஒன்றைத் தேடித்தான் போனேன். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனை. அதன் பின்பக்கம், நோயாளிகளின் ஃபைல்களை அடுக்கி வைத்திருக்கும் அறை. அங்கே வேலை செய்யும் கலைச்செல்வி என் பெயரையும் வருடத்தையும் கேட்டாள், ஏணியில் ஏறினாள், நான்கு நிமிடத்தில் இறங்கிவிட்டாள்.

"எப்படிம்மா இவ்வளவு சீக்கிரம்?"

"இதென்ன அண்ணாச்சி! எங்க வீட்டுக்காரரு கம்ப்யூட்டர நீங்க பாத்திருக்கணும்" என்றாள்.

அன்று கொஞ்சம் சொன்னாள். மீதியைக் கேட்க, எக்ஸ்ரே எதுவும் தேவைப்படாமலே இரண்டு தடவை போனேன்.

2

முதல் வரி மூன்று எழுதினேன்.

'தாமிரபரணிக் கரையில் ஒரு நகரம் அழிந்துகொண்டிருந்தது...' (பொய். நகரம் கணினிக்குள் இருந்தது.)

'இசக்கிமுருகன் சாரத்திலிருந்து விழுந்த அன்று வானம்...' (வானத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடித்துவிட்டேன்.)

'அந்த ஃபோல்டரில் மூவாயிரத்து நூற்று அறுபத்தெட்டு கோப்புகள் இருந்தன.' இது உண்மை. எண்ணியவள் அவளே. இதிலிருந்தே தொடங்குகிறேன்.

3

அந்த ஃபோல்டரில் மூவாயிரத்து நூற்று அறுபத்தெட்டு கோப்புகள் இருந்தன. எல்லாம் அவள் கணவன் இசக்கிமுருகன் சேர்த்தவை. களக்காட்டுக்காரன், கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் மேஸ்திரி. வண்ணார்பேட்டைப் பக்கம் ஓர் அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தபோது, மூன்றாவது மாடிச் சாரத்தில் பலகை சரிந்து கீழே விழுந்தான். இடுப்பெலும்பு முறிந்து ஐந்து மாதம் படுக்கை. பார்க்க வந்த நண்பன் அலி அக்பர், மூடிவிட்ட தன் பிரவுசிங் சென்டரின் கணினி ஒன்றைக் கட்டிலோரம் வைத்து, நகரம் கட்டும் விளையாட்டு ஒன்றையும் போட்டுக் கொடுத்தான்.

அவ்வளவுதான். கட்டடம் கட்டியே வளர்ந்த கை, சுட்டியைப் பிடித்தவுடன் தெரு போட ஆரம்பித்துவிட்டது.

(விளையாடாதவர்களுக்கு ஒரு குறிப்பு: விளையாட்டோடு வரும் வீடும் மரமும் போதாது என்று, விளையாடுபவர்களே புதிது புதிதாகச் செய்து இணையத்தில் பகிர்ந்துகொள்வார்கள். அதற்கு மோட் என்று பெயர். நம் ஊர் ஓட்டு வீடு வேண்டுமா, யாரோ செய்து வைத்திருப்பார்கள். இறக்கிப் போட்டால் போதும்.)

இசக்கிமுருகன் இறக்கிக்கொண்டே இருந்தான். ஆற்றுப்பாலம், பனைமரம், டவுன் பஸ், தண்ணீர்த் தொட்டி, எல்லாம் ஒரே ஃபோல்டரில். 'புதுசு', 'புதுசு2', 'சரியானது', 'இதுதான் சரியானது' என்று பெயர்கள். அந்த நகரத்தில் நான்கு லட்சம் பேர் குடியிருந்தார்கள். தினமும் வேலை முடிந்து வரும் கலைச்செல்வியிடம், "ஏளா, இன்னைக்கு ஆஸ்பத்திரி தொறந்தாச்சு" என்று காட்டுவான். அதைச் சொல்வதற்காகவே வாக்கரைப் பிடித்து நாலு எட்டு வைத்து வாசல் வரை வரவும் தொடங்கியிருந்தான்.

ஒரு நாள் விளையாட்டு தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. நகரம் திறக்கவில்லை.

அலி அக்பர் போனில் சொன்னான்: "ஏதோ ஒரு மோட் ஒத்துக்கிடல. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஆரம்பிங்க."

இசக்கிமுருகன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான். இரண்டு நாள் சாப்பாடு பாதித்தட்டில் நின்றது. வாக்கர் மூலைக்குப் போனது. "அழிச்சிரு. நமக்கு எது கட்டுனாலும் நிக்காது" என்றான்.

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அந்த விளையாட்டை ஒரு நாள்கூட விளையாடாத பெண் அந்த ஃபோல்டரில் கை வைத்தாள் என்றால் வாசகர் நம்புவாரா? அவளிடமே கேட்டேன்.

"எனக்கு வெளையாட்டு தெரியாது அண்ணாச்சி. ஃபைல் கட்டு பிரிக்கத் தெரியும்" என்றாள்.

நம்புங்கள்.

முதலில் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்தாள். பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நாற்பது பக்க நோட்டு ஒன்றை விரித்தாள். சாலை, வீடு, மரம், வண்டி, தண்ணீர், தெரியாதது என்று தலைப்பு போட்டாள். ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்து அதனதன் இடத்துக்கு அனுப்பினாள். எந்தக் கோப்பு எதை நம்பி ஓடுகிறது என்று எதிரெதிரே எழுதினாள். பாலம் இல்லாவிட்டால் கைப்பிடிச் சுவர் நிற்காது. இரண்டும் சேர்ந்தே போக வேண்டும், சேர்ந்தே வர வேண்டும். இந்த வேலைக்கு இரண்டு ஞாயிறும் இடையில் ஆறு இரவும் ஆயின.

நான் இருபது வருடமாக எழுதுகிறேன். என் வீட்டுக் காகிதங்களின் நிலையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த நோட்டை எனக்குக் காட்டினாள். அடித்தல் திருத்தல் ஐந்து இடத்தில் மட்டும். இவ்வளவு பொறுமையை வர்ணிக்க நல்ல வாக்கியம் ஒன்று... விடுங்கள், வரவில்லை.

5

இரண்டாவது ஞாயிறு மத்தியானம் ஓர் உள்ஃபோல்டர் கிடைத்தது. பெயர் 'அ'. உள்ளே ஏழு கோப்பு. ஏழும் ஒரே கட்டடம். இறக்கியது அல்ல, அவனே செய்தது. அந்த இடத்தில் அவள் பார்த்திருந்த நீலத் தண்ணீர்த் தொட்டி கீழே இருப்பதைக் கண்டதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது: அவன் விழுந்த வண்ணார்பேட்டைக் கட்டடம். ஏழும் மூன்றாவது மாடித் தளத்தோடு நின்றிருந்தன.

"இத எதுல வைக்க? வீட்டுலயா?"

அவன் எட்டிப் பார்த்தான். "அத அழிச்சிரு."

"அழிக்கதுக்கு நான் உக்காரல. எதுல வைக்கன்னு சொல்லுங்க."

அவன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக் கொஞ்சம் நிமிர்ந்தான். "அதுக்கு மேல எப்படின்னு எனக்குத் தெரியாதுளா. நான் பாக்கலல்லா? பூதத்தானுக்குத்தான் தெரியும்."

பூதத்தான் அவனோடு அதே பலகையில் நின்று விழுந்தவன். கை மட்டும் முறிந்தது. குணமானதும் அதே கட்டடத்துக்குத் திரும்பிப் போய் அதை முடித்துக் கொடுத்தான். அவன் ஒன்பது தடவை போன் செய்திருந்தான்; இசக்கிமுருகன் ஒரு தடவையும் எடுக்கவில்லை.

"அவன அந்தப் பலகைல நிக்கச் சொன்னது நான்தான்" என்றான்.

அவள் சுட்டியைக் கையில் எடுத்தாள். 'முடியாதது' என்று ஒரு ஃபோல்டர் திறந்து ஏழையும் அதில் வைத்தாள்.

6

மூன்றாவது ஞாயிறு சோதனை. பாதிக் கோப்புகளை வெளியே எடுத்துவிட்டு நகரத்தைத் திறப்பது. திறந்தால் குற்றவாளி வெளியே, திறக்காவிட்டால் உள்ளே. பிறகு அந்தப் பாதியில் பாதி. ஒவ்வொரு தடவையும் திறக்கப் பன்னிரண்டு நிமிடம். அந்த நேரத்தில் அவள் அரிசி களைந்தாள், துணி அலசினாள். ஐந்தாவது தடவைக்கு இசக்கிமுருகன் தானாகவே திரையின் பக்கம் திரும்பினான். எட்டாவதுக்கு, "அந்த மரத்தையெல்லாம் சேத்து எடு" என்றான்.

முதல் பிரதியில், அந்த ஏழு கட்டடங்களில் ஒன்றுதான் குற்றவாளி என்று எழுதியிருந்தேன். கதைக்கு அது எவ்வளவு பொருத்தம்! வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டாள்.

"தெருவிளக்கு அண்ணாச்சி. ஒரே தெருவிளக்கு ரெண்டு பேர்ல இருந்துச்சு, பழசு ஒண்ணு, புதுசு ஒண்ணு. எங்க ரூம்ல ஒரே ஆளுக்கு ரெண்டு ஃபைல் போட்டா என்ன கூத்து நடக்குமோ, அதுதான்."

பழைய விளக்கை எடுத்ததும் நகரம் திறந்தது. நான்கு லட்சம் பேரும் அங்கேயே இருந்தார்கள். பஸ்கள் நின்ற இடத்திலிருந்து கிளம்பின. இசக்கிமுருகன் திரையைப் பார்க்கவில்லை. அவள் மடியிலிருந்த நோட்டைக் கேட்டு வாங்கி, முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை விரலை வைத்துப் பார்த்தான்.

"நீ மேஸ்திரிளா" என்றான்.

அப்புறம், "அந்த ஏழாவது கட்டடத்தத் தொற" என்றான். அவள் திறந்தாள். அவன் தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தான்.

7

முடிவு இரண்டு எழுதினேன்.

ஒன்று: பூதத்தான் மறுநாளே வருகிறான். இருவரும் சேர்ந்து கட்டடத்தை முடிக்கிறார்கள், மொட்டைமாடியில் கொடிக்கயிறு உட்பட. (எனக்கே கூச்சமாக இருந்தது.)

இரண்டு: மணி அடிக்கிறது. பூதத்தான் எடுக்கவில்லை. ஒன்பது தடவை அடித்தவனுக்கும் ஒரு நாள் போதும் என்று... (முடிக்க மனம் வரவில்லை.)

நடந்ததில் அவளுக்குத் தெரிந்தது ஒரு வரி மட்டும். எதிர்முனையில் யாரோ எடுத்தார்கள். இசக்கிமுருகன் நலம் விசாரிக்கவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. "ஏலே, மூணாவது மாடில தெக்க பாத்து சன்னல் எத்தனலே?" என்றான்.

"அப்புறம்?" என்று கேட்டேன்.

"அப்புறம் எனக்குத் தெரியாது."

"பூதத்தான் என்ன சொன்னான்? உன் வீட்டுக்காரர் என்ன..."

கலைச்செல்வி கையிலிருந்த யாருடையதோ ஒரு ஃபைலை அதன் இடத்தில் செருகிவிட்டு ஏணியிலிருந்து இறங்கினாள்.

"நான் பைய கதவச் சாத்திட்டு வெளிய வந்துட்டேன் அண்ணாச்சி. நீங்களும் வாங்க."