இரண்டு தீர்ப்புகள்

ஆண்டாள் கோபித்துக்கொண்டு போனபோது மகள் கண்ணகிக்கு ஒன்றரை வயது. கோபித்துக்கொண்டு என்பது ஊர் சொன்ன வார்த்தை. கரும்பு வெட்டு நாளில் சோறு வரத் தாமதமானதற்காகப் புருஷன் தனசேகரன் அவளை ஆட்கள் முன்னால் அறைந்தான். அது முதல் தடவையும் இல்லை. அவள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு சங்கராபுரத்திலிருந்த அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். தியாகதுருகத்தில் பஸ் ஏறுமுன் அவன் பங்காளிகள் மறித்தார்கள். மறுநாள் பஞ்சாயத்து. பிள்ளை அப்பன் வீட்டுக்குச் சொந்தம், போகிறவள் தனியாகப் போகட்டும் என்று சொல்லி முடிக்கப் பெரியவர்களுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தனசேகரன் வாயே திறக்கவில்லை. அவனுக்கு அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

பிள்ளையை வளர்ப்பது தன் வேலையாகும் என்று அன்றைக்கு அவன் நினைக்கவில்லை. அக்கா ராணியம்மாள் பார்த்துக்கொள்வாள் என்றிருந்தான். அவள் இரண்டு மாதம் பார்த்தாள். பிறகு தன் நாலு பிள்ளைகளுக்கே கை போதவில்லை என்று கொண்டுவந்து விட்டுவிட்டாள். இரண்டாம் கல்யாணம் பேசப் போன இடத்தில், இந்தப் பிள்ளையை எங்கே விடுவீர்கள் என்று கேட்டார்கள். கொடுத்த காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்தான்.

அதன்பிறகுதான் ஒவ்வொன்றாகப் பழகினான். கரும்புக்குத் தண்ணீர் கட்டும்போது வரப்பு வேம்பில் தூளி தொங்கியது. கண்ணகிக்கு அம்மை வார்த்துக் கிடந்த பதினோரு நாளும் அவன் தோட்டத்துப் பக்கம் போகவில்லை. ஒருநாள் ஏதோ எரிச்சலில் அவன் கை ஓங்கியபோது, அவள் அழாமல் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. அதற்கப்புறம் அவன் யார் மேலும் கை வைக்கவில்லை. இதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் இல்லை. சொன்னால் ஆண்டாளைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

எண்பத்தேழு செப்டம்பரில் தங்கள் சாதிக்கு இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. வீட்டுக்கு ஓர் ஆம்பிளை வர வேண்டும் என்று ஊரில் சொல்லியிருந்தார்கள். பங்காளி தெய்வசிகாமணி தோளில் கோடரியோடு வந்து கூப்பிட்டான். போலீஸ் பிடித்துப் போனால் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள் என்று தனசேகரன் தயங்கினான்.

"அப்ப சேலயக் கட்டிகினு வூட்லயே குந்து" என்று சொல்லிவிட்டுத் தெய்வசிகாமணி போனான்.

புளியமரங்கள் சாலையின் குறுக்கே விழுந்தன. போலீஸ் வந்து, அகப்பட்டவர்களையெல்லாம் வண்டியில் ஏற்றியது. தெய்வசிகாமணி ஒரு மாதம் ஜெயிலில் இருந்து வந்தான். அதற்குப் பிறகு ஊரில் தனசேகரனோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. டீக்கடைக்குள் அவன் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும்.

அந்த நேரத்தில்தான் கோர்ட் நோட்டீஸ் வந்தது. ஆண்டாள் டீச்சர் டிரெயினிங் முடித்து, கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். மகளைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லி மனுப் போட்டிருந்தாள்.

பிள்ளையை வளர்த்தது அவன்தான் என்று சொல்ல ஊரிலிருந்து இரண்டு பேராவது வேண்டும் என்றார் வக்கீல். தனசேகரன் வீடு வீடாகப் போய்க் கேட்டான். மறியலுக்கு வராதவனுக்குச் சாட்சி எதற்கு என்று தெய்வசிகாமணி முகத்துக்கு நேராகவே கேட்டான். மற்றவர்கள் வேலை இருக்கிறது என்றார்கள். ராணியம்மாள்கூட, புருஷன் விடமாட்டார் என்று சொல்லிவிட்டாள். கூண்டில் அவன் தனியாகத்தான் ஏறினான்.

பிள்ளையைக் குளிப்பாட்டுவது யார் என்று ஜட்ஜ் கேட்டார். நான்தான் என்றான். துணி தோய்ப்பது? அதுவும் நான்தான். பின்னால் யாரோ கனைத்தார்கள்.

"நாளைக்குப் பெரியவளானா என்ன பண்ணுவ?"

"அதுக்கு இன்னும் அஞ்சாறு வருசம் இருக்குங்கய்யா. கேட்டுக் கத்துக்குவேங்க."

கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜும் சிரித்தார். அவன் உண்மையாகத்தான் சொன்னான். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவனுக்குப் புரியவில்லை.

கண்ணகியை ஜட்ஜ் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கேட்டார். அப்பாவிடம்தான் இருப்பேன் என்று அவள் சொன்னாள். தீர்ப்பில், அது சொல்லிக்கொடுத்த பேச்சு என்று இருந்தது. பெண் குழந்தை தாயிடம் வளர்வதே இயற்கை என்றும் இருந்தது. அவன் கை ஓங்கியதும் பிறகு ஓங்காமல் விட்டதும் தீர்ப்பின் எந்தப் பக்கத்திலும் இல்லை. ஆண்டாளை அறைந்ததைப் பற்றி அவளுடைய வக்கீல்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா என்பதே போதுமானதாக இருந்தது.

வராந்தாவில் ஆண்டாள் நின்றிருந்தாள். ஆறு வருடத்தில் மெலிந்திருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள்.

"அவ என்ன வுட்டு இருக்கமாட்டா ஆண்டாளு. ஒனக்கே தெரியும்" என்றான்.

"ஒன்ற வயசுப் புள்ளய இடுப்புலந்து புடுங்கினாங்க. பால் கட்டிகினு பதினஞ்சி நாள் ஜொரத்துல கெடந்தேன். அன்னிக்கு நீங்க ஆம்பளன்னு ஒங்க கைல குடுத்தாங்க. நீங்க இன்னா சொன்னீங்க?"

அவன் கண்ணகியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"இன்னிக்கு நான் பொம்பளன்னு எனக்குக் குடுத்துகிறாங்க. நானும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல."

அவள் குரலில் ஜெயித்த சத்தம் இல்லை. கண்ணகி அவன் வேட்டியைப் பிடித்திருந்தாள். விரல்களை ஒவ்வொன்றாக அவனே பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

மாதத்தில் முதல் ஞாயிறு, கள்ளக்குறிச்சியில் வக்கீல் வீட்டில், பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை அவன் பிள்ளையைப் பார்க்கலாம். முதல் ஞாயிறு எட்டு மணிக்கே போய்க் காத்திருந்தான். மலைப் பாதை வளைவுகளில் கண்ணகி மூன்று தடவை வாந்தி எடுத்திருந்தாள். வந்ததும் அவன் மடியில் சாய்ந்தாள், "அப்பா" என்றாள், அப்படியே தூங்கிப்போனாள்.

ஆண்டாள் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பதினொன்றரைக்கு, "எழுப்புங்க. நேரம் ஆவுது" என்றாள்.

"தூங்கட்டும்" என்றான் தனசேகரன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவனுக்குக் கால் மரத்துப்போனது. அவன் அசையவில்லை. பன்னிரண்டு அடித்ததும் அவள் எழுந்து வந்து, தூங்குகிற பிள்ளையை அவன் மடியிலிருந்து தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.