தடித்த குழாய்

என் வீட்டுக்காரருக்குக் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தத் தெரியும். மனுஷர் அதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். எங்கிருந்தோ அறுபது வயதுக் கார் ஒன்றை இழுத்துவந்து ஷெட்டில் நிறுத்தி, பழைய கார் கிளப்பிலும் சேர்ந்து, லீவு நாளெல்லாம் ஸ்பேனரும் கையுமாகத் திரிகிறார். கழற்றுவதில் சூரர். எது எங்கே இருந்தது என்பது மட்டும் அவருக்கு நினைவிருக்காது.

அந்தக் காரின் வைப்பருக்கு மின்சார மோட்டார் கிடையாது. இன்ஜின் காற்றை உறிஞ்சுகிற இழுப்பில்தான் அது ஓடுகிறது. எனக்கு இது புதிதா என்ன? ஆஸ்பத்திரியில் உறிஞ்சும் மெஷின்களைப் பழுதுபார்க்கிறவள் நான். காற்று எங்கே கசிகிறது என்று காதை வைத்துக் கேட்பதுதான் பதினான்கு வருஷமாக என் பிழைப்பு. மூன்று வாரமாக மேடு ஏறும்போதெல்லாம் வைப்பர் படுத்துக்கொண்டதே, இந்தப் பெரிய மனிதர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? கிளப்பில் இருக்கும் பல் டாக்டரைக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கிளப் ஆட்கள் மலைக்குப் போவதாக ஏற்பாடு. மழைக்காலம் வேறு. எங்கள் ஒன்பது வயது மகளையும் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். தினமும் அந்தக் காரில் அவளைப் பக்கத்திலிருக்கும் ஸ்கூலில் கொண்டுபோய் விடுவது வேறு, மலை வேறு; வைப்பர் ஒழுங்காக ஓடாமல் குழந்தையை அனுப்பமாட்டேன் என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

சனிக்கிழமை காலை ஷெட்டிலிருந்து கூப்பாடு.

"ஏய், வந்து பாரு! எப்படிப் பறக்குதுன்னு!"

போய்ப் பார்த்தேன். வைப்பர் பேய் பிடித்த மாதிரி கண்ணாடியை அறைந்துகொண்டிருந்தது. நேற்றுவரை செத்துக் கிடந்தது இன்று இந்த ஆட்டம் போட்டால் எனக்குச் சந்தேகம் வராதா?

"என்ன பண்ணீங்க?"

"அதெல்லாம் சொன்னா உனக்குப் புரியாது."

எனக்குப் புரியாதாம்! பானெட்டைத் தூக்கினேன். வைப்பரிலிருந்து வரும் மெல்லிய குழாயோடு மீன்தொட்டிக் குழாய் ஒன்றை ஒட்டி, அதை இன்ஜினிலிருந்து வரும் ஒரு தடித்த குழாயில் செருகி, டேப்பால் சுற்றோ சுற்றென்று சுற்றியிருந்தார். அந்தத் தடித்த குழாய் போய்ச்சேர வேண்டிய கறுப்பு டப்பா, வாயில் கார்க்கோடு ஓரமாக உட்கார்ந்திருந்தது.

"இந்தக் குழாயை எதுக்குங்க கழட்டினீங்க?"

"அது சும்மா அந்த டப்பாவுக்குப் போயிட்டிருந்துச்சு. டப்பா ஆடவும் இல்ல, அசையவும் இல்ல. வைப்பருக்காவது உதவட்டுமேன்னுதான்."

"ஐயோ, அந்த டப்பா பிரேக்குக்குங்க!"

பிரேக் மிதிக்கும் காலுக்குப் பலம் சேர்ப்பது அந்த டப்பாதான். அதற்கு இழுப்பு போகாவிட்டால் பெடல்மேல் ஏறி நின்றால்தான் கார் நிற்கும். இன்ஜினை நிறுத்தி, பெடலை நாலைந்து தடவை மிதித்து, காலை எடுக்காமல் மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். பெடல் கொஞ்சம் உள்ளே இறங்க வேண்டும். இம்மியும் இறங்கவில்லை.

"டைட்டாத்தான் இருக்கு. டைட்டா இருந்தா நல்லதுதானே?" என்றார்.

வயிறு வலிக்கச் சிரித்தேன். கல்லூரியில் அந்தப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்களோ!

அவருடைய கைவேலையைப் பிய்த்துப் போட்டு, தடித்த குழாயை டப்பாவிலும் மெல்லிய குழாயைப் பழைய இடத்திலும் மாட்டினேன். இன்ஜின் ஓட, ஒரு ரப்பர் குழாயின் நுனியைக் காதில் வைத்து மறுநுனியை வைப்பர் குழாய் நெடுக நகர்த்தினேன். கிளிப் பக்கத்தில் 'உஸ்' என்றது. மயிரிழை விரிசல். இரண்டு விரல் அளவு வெட்டி எறிந்து திரும்ப மாட்டியதும் வைப்பர் நிதானமாக ஓடியது. பெடலும் இறங்கியது. இருபது நிமிஷம்கூட ஆகவில்லை.

"மூணு வாரமா நீங்களும் அந்தப் பல் டாக்டரும் சேர்ந்து கிழிச்சது இதானா? இன்னிக்குக் காலையிலதானே அந்தக் குழாயைக் கழட்டினீங்க?"

"திங்கக்கிழமையே கழட்டிட்டேன். ரெண்டு பக்கமும் கார்க் வெச்சிருந்தேன். சேக்கிற குழாய் இன்னிக்குத்தான் கெடச்சுது."

எனக்குச் சிரிப்பு நின்றது.

"அஞ்சு நாளா இந்த பிரேக்கோடயா பாப்பாவை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனீங்க?"

அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எங்கள் பின்னால் மகள் வந்து நின்றிருந்தாள்.

"அப்போ இனிமே ஸ்கூல் கேட்ல இடிக்காதாம்மா?"

"எந்த கேட்டுடி?"

"செவ்வாய்க்கிழமை கார் நிக்கவே இல்லம்மா. அப்பா ரெண்டு காலாலயும் மிதிச்சாரு. வாட்ச்மேன் தாத்தா குதிச்சு ஒதுங்கிட்டாரு. நான் முன் சீட்ல போய் மோதிட்டேன்." சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினாள். முழங்கைக்கு மேலே பச்சையாகக் கன்றியிருந்தது. நாலு நாளாக இந்தக் குழந்தை முழுக்கைச் சட்டையே போட்டுக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலை நிமிரவில்லை.

"பிரேக் என்னமோ ஆயிடுச்சு, அம்மாகிட்ட கேக்கலாமான்னு நான்தான் சொன்னேன். வேணாம், அம்மா சிரிப்பான்னு அப்பா சொன்னாரு."